சும்மா வந்த ரெண்டு லோடு



எங்க வயலுக்குத் தெற்கால, கிணத்து மேட்டை ஒட்டி நாப்பது சென்ட் நிலம் இருக்கு. தண்ணி பாயுற நல்ல இடம். ஆனா ஏழு வருஷமா அதுல திங்கிற பொருள் எதையும் நான் விதைக்கிறதில்லை. வெட்டிவேரும், வரப்போரம் சவுக்கும்தான் நிக்குது. பட்டணத்துல இருந்து வர்ற நண்பர்கள், "ஏண்ணே, இவ்வளவு நல்ல இடத்தைச் சும்மா போட்டிருக்கீங்க?"ன்னு கேக்குறாங்க. ஒவ்வொரு தடவையும் வேற எதையாவது சொல்லிச் சமாளிச்சிருக்கேன். இன்னிக்கு உண்மையை எழுதிடுறேன். கூடவே, இந்தக் கதை எங்க நாப்பது சென்ட்டோட மட்டும் தொடங்குனது இல்லைங்கிறதையும் சொல்லணும்.

முதல்ல எங்க ஊர் மண்ணைப் பத்தி. காரைக்குடிப் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும், செக்கச்செவேல்னு செம்மண், அதுல பாதி சரளை. பெரிய ஆறு கிடையாது. மழை பெஞ்சா கண்மாய், கண்மாய் நெறைஞ்சா நெல்லு. குடிக்க ஊருணி. இந்த மண்ணு தானா எதையும் குடுக்காது. நாம போட்டாத்தான் அது குடுக்கும்.

அதனால எங்க ஆளுங்களுக்கு 'குப்பை' கெட்ட வார்த்தை இல்லை. குப்பைன்னா எரு. வீட்டுக்கு வீடு குப்பைக்குழி இருக்கும். மாட்டுச் சாணி, அடுப்புச் சாம்பல், வைக்கோல் கூளம் எல்லாம் அதுலதான் விழும். சித்திரை, வைகாசியில வண்டி கட்டி வயலுக்கு அடிப்போம். கோடையில கண்மாய் வத்துனதும் கரம்பை மண்ணை வெட்டி எடுத்து வயல்ல பரப்புவோம். ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிங்க ஆடு ஓட்டிட்டு வருவாங்க. அவங்களுக்கு நெல்லோ காசோ குடுத்து ராத்திரிக்குக் கிடை போடச் சொல்லுவோம். கொழுஞ்சி, ஆவாரை, எருக்கு எல்லாம் நடவுக்கு முன்னாடி சேத்துல மிதிபடும். எங்க அப்பத்தா சொல்லும்: "வயித்துல இருந்து வந்தது வயலுக்குப் போவணும், வயல்ல வந்தது வயித்துக்குப் போவணும்."

அப்பத்தா சொன்னதுல தப்பே இல்லை. இதே கணக்கைப் படிச்ச மனுசங்களும் போட்டிருக்காங்க. இந்தூர்ல ஆல்பர்ட் ஹோவர்டுன்னு ஒரு வெள்ளைக்காரர் நம்ம விவசாயிங்க பழக்கத்தைப் பாத்துக் கத்துக்கிட்டு, 1931ல கம்போஸ்ட் முறையைப் புத்தகமா போட்டார். பெங்களூர்ல சி. என். ஆச்சார்யா 1939ல நகரத்துக் குப்பையையும் மலக்கழிவையும் பள்ளத்துல அடுக்கடுக்கா மூடி உரமாக்குற முறையைச் சொன்னார். 'பெங்களூர் முறை'ன்னு அதுக்குப் பேரு. மதுரை அவனியாபுரத்துல நகரத்துக் கழிவுநீரைப் பாய்ச்சிப் புல்லு வளத்து மாட்டுக்கு வித்தாங்க. மதுரைப் பக்கம் மாடு வளத்த பழைய ஆளுங்களைக் கேட்டா அந்தப் புல்லைப் பத்திச் சொல்லுவாங்க.

இங்கிலாந்துல மான்செஸ்டர் நகரத்துல 1914ல ஆர்டன், லாக்கெட்னு ரெண்டு பேர், கழிவுநீர்ல காத்தை ஊதி நுண்ணுயிரை வளத்து அழுக்கைத் தின்ன வைக்கிற முறையைக் கண்டுபிடிச்சாங்க. இன்னிக்கு உலகம் பூரா, நம்ம ஊர்கள்லயும் சேத்து, பெரும்பாலான சுத்திகரிப்பு நிலையம் ஓடுறது அந்த வழியிலதான். அவங்களுக்கு அந்த யோசனையைத் தூண்டிவிட்ட கில்பர்ட் ஃபவுலர் அப்புறம் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கே வாத்தியாரா வந்தார். அந்த முறையில தண்ணி தெளிஞ்சு ஒரு பக்கம் போயிடும். அடியில கறுப்பா, களியா ஒண்ணு தங்கும். அதுதான் கசடு. தண்ணியில இருந்த நல்லது கெட்டது எல்லாம் அதுலதான் வந்து உக்காரும். அதை எங்க கொண்டுபோய்ப் போடுறதுங்கிறதுதான் நூறு வருஷமா தீராத கேள்வி.

எனக்கு அந்தக் கேள்வி ஒரு டிராக்டர்ல வந்துச்சு.

பேரு வேண்டாம், ஊரும் வேண்டாம். ஒரு நகரத்துச் சுத்திகரிப்பு நிலையத்துல காயவச்ச கசடுன்னு சொன்னாங்க. "காசு வேண்டாம்ணே, ஏத்துக்கூலி மட்டும் குடுங்க. யூரியா மூட்டை வாங்குறதுக்கு இது எவ்வளவோ மேல்"னாங்க. கறுத்த மண்ணு, வாடையும் பெருசா இல்லை. எனக்கு அப்பத்தா சொன்னதுதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. ரெண்டு லோடு இறக்கச் சொன்னேன்.

முதல் போகம் கத்தரியும் கீரையும் போட்டேன். அப்படி ஒரு விளைச்சலை அந்த நிலத்துல நான் பாத்ததில்லை. எலை ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலம். கீரையைக் கட்டு கட்டா சந்தைக்குக் கொண்டுபோனேன். "மருந்து அடிக்காத கீரை"ன்னு சொல்லித்தான் வித்தேன். பொய் சொன்னதா அன்னிக்கு எனக்குத் தெரியாது.

ரெண்டாவது உழவுல கண்ணுல பட ஆரம்பிச்சது. பிளாஸ்டிக் துணுக்கு, மாத்திரை அட்டை, ஷாம்பு பாக்கெட், மின்சார வயரோட செம்புக் கம்பி, கைக்கடிகாரத்துல போடுற சின்ன பேட்டரி ரெண்டு. பேட்டரியைக் கையில எடுத்துப் பாத்தப்பதான் வயித்தைக் கலக்குச்சு. எங்க அப்பத்தா காலத்துக் குப்பைக்குழியில பேட்டரி கிடையாது.

என் மக வேதியியல் படிச்சவ. அவகிட்ட சொன்னேன். "அப்பா, கண்ணுக்குத் தெரியறது பரவாயில்லை. தெரியாததுதான் பிரச்சனை. மண்ணைச் சோதிங்க"ன்னா. "நம்மகிட்டதான் மண்வள அட்டை இருக்கே தாயி"ன்னு பெட்டியில இருந்து எடுத்துக் காட்டினேன். 2015ல மத்திய அரசு தொடங்குன திட்டம் அது. அட்டையில பன்னிரண்டு கணக்கு இருக்கும். கார அமிலத் தன்மை, உப்பு, கரிமம், தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான். படிச்சுப் பாத்துட்டு அவ கேட்டா: "ஈயம் எங்கப்பா? காட்மியம், குரோமியம், பாதரசம் எங்க?"

இல்லை. பயிருக்கு என்ன குறையுதுன்னு சொல்றதுக்குத்தான் அந்த அட்டை. பயிருக்குள்ள என்ன ஏறுதுன்னு அது சொல்லாது.

தனியா காசு கட்டி ஒரு சோதனைக்கூடத்துல ரெண்டு மண்ணைக் குடுத்தோம், கசடு போட்ட நிலத்து மண்ணும் போடாத மேவயல் மண்ணும். போட்ட நிலத்துல துத்தநாகம், செம்பு, ஈயம் மூணும் தெளிவா கூடுதல். மேவயல்ல காட்டாத காட்மியம் இதுல கொஞ்சம் காட்டுச்சு. பெரிய அளவுன்னு சொல்ல முடியாதுன்னாங்க. ஆனா காட்மியம் கீரையில சுலபமா ஏறும், அதுவும் அமிலத் தன்மையுள்ள செம்மண்ணுல இன்னும் சுலபமா ஏறும்னு சொன்னாங்க. எங்க மண்ணு அதே மாதிரி மண்ணுதான்.

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. சந்தையில என்கிட்ட கீரை வாங்குன பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி முகம் கண்ணுக்குள்ளேயே நின்னுச்சு.

அப்புறந்தான் இது மாதிரி வேற எங்க நடந்திருக்குன்னு தேட ஆரம்பிச்சேன். மக இங்கிலீஷ்ல படிச்சுச் சொல்லுவா, நான் நோட்டுல எழுதிக்குவேன். அதுல சிலது:

ஜப்பான்ல தொயாமா மாவட்டத்துல ஜின்சு ஆறுன்னு ஒண்ணு. மேல கமியோகா சுரங்கம். அங்க இருந்து வந்த காட்மியம் ஆத்து வழியா நெல்லு வயலுக்குள்ள போயிடுச்சு. அந்த அரிசியைத் தின்ன பொம்பளைங்களுக்கு எலும்பு நொறுங்குற நோய். 'இத்தாய் இத்தாய்'னு அதுக்குப் பேரு. வலிக்குது வலிக்குதுன்னு அர்த்தமாம். மாசுபாட்டால வந்த நோய்தான்னு 1968ல அரசாங்கம் ஒத்துக்கிச்சு. வயலைச் சரி பண்ற வேலை 1979ல தொடங்கி 2012ல முடிஞ்சது. 860க்கும் மேல ஹெக்டேர். எப்படிச் சரி பண்ணாங்க தெரியுமா? மேல்மண்ணைப் பூரா வெட்டிக் கீழ புதைச்சு, மேல புது மண்ணைக் கொட்டுனாங்க. அத்தனை பணமும் படிப்பும் இருக்கிற நாட்டுக்கே முப்பத்திமூணு வருஷம் ஆச்சு.

அமெரிக்காவுல நகரத்துக் கசடைக் கப்பல்ல கொண்டுபோய்க் கடல்ல கொட்டிக்கிட்டு இருந்தாங்க. 1988ல சட்டம் போட்டு, 1992ல நியூயார்க் கொட்டுறது நின்னுச்சு. கடல்ல போகாதது எங்கயாவது போகணுமே? நிலத்துக்கு வந்துச்சு. அதுக்கு 1993ல விதி போட்டாங்க. சில உலோகங்களுக்கு அளவு வச்சாங்க. கசடுங்கிற பேரை மாத்தி, கேட்டா உரம் மாதிரி தோணுற 'பயோசாலிட்ஸ்'ங்கிற புதுப் பேரையும் பழக்கத்துக்குக் கொண்டுவந்தாங்க. ஒட்டாத தோசைக்கல்லுல, மழைக்கோட்டுல பூசுற ஒருவகை ரசாயனம் அந்த விதியில இல்லை. அது மண்ணுல போனா மக்கவே மக்காதாம். அது பாலுக்குள்ள வந்து, பால் பண்ணைக்காரங்க பண்ணையை மூட வேண்டியதாச்சு. 2022ல மெய்ன் மாநிலம் வயல்ல கசடு போடுறதையே தடை பண்ணிடுச்சு. சுவிட்சர்லாந்து அதுக்குப் பல வருஷம் முன்னாடியே நிறுத்திடுச்சு.

ஆனா ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போவானேன்? நம்ம பாலாறு இருக்கு, நொய்யல் இருக்கு.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, இங்க எல்லாம் தோல் பதனிடுறது பழைய தொழில். முன்னாடி ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் பதனிடுவாங்க. எங்க பக்கம் காட்டுல மஞ்சளாப் பூத்துக் கிடக்குதே, அதே ஆவாரை. வாரக்கணக்கா ஊறணும். அந்தத் தண்ணியும் நாறத்தான் செய்யும், ஆனா மக்கிப் போயிடும். குரோமியம் உப்பு போட்டா வேலை சீக்கிரம் முடியும். 1900களின் தொடக்கத்துலயே ஆல்பிரட் சாட்டர்டன் மதராஸ்ல இதைச் செஞ்சு பாத்தார். ஆனா பெருசா பரவுனது 1970கள்லதான். பச்சைத் தோலை, அரைகுறையாப் பதனிட்ட தோலை ஏத்துமதி பண்றதை அரசாங்கம் கட்டுப்படுத்துச்சு, முழுசா முடிச்ச தோலா அனுப்பச் சொல்லுச்சு. அந்நியச் செலாவணி வந்தது. குரோமியமும் உப்பும் வாய்க்கால்ல போச்சு.

1991ல வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனாங்க. 1996 ஆகஸ்ட் 28ல தீர்ப்பு. அந்தத் தீர்ப்புலயே சில கணக்கு இருக்கு. குரோம் பதனிடுறதுல 170 வகை ரசாயனம் வரைக்கும் பயன்படுது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணி. தோல் தொழிற்சாலைப் பகுதியில ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாவோ முழுசாவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமப் போச்சு. எங்களுக்குக் கிட்டக்க இருக்கிற திண்டுக்கல் பக்கம் 13 கிராமத்துல கணக்கெடுத்தப்ப, 467 கிணத்துல 350 கிணறு கெட்டிருந்துச்சு. நாலு கிணறு இருந்தா மூணு போச்சுன்னு அர்த்தம். ஒரு விவசாயிக்கு இதைவிட என்ன இருக்கு சொல்லுங்க.

மாசு பண்ணுனவன்தான் செலவை ஏத்துக்கணும்னு அந்தத் தீர்ப்பு சொல்லுச்சு. நம்ம நாட்டுச் சட்டத்துல இன்னிக்கு வரைக்கும் எல்லாரும் எடுத்துக்காட்டுற தீர்ப்பு அது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள்ல வேலை நடந்துச்சு. ஆனா சுத்திகரிச்சா மிஞ்சுறது என்ன? மறுபடியும் கசடு. 2015 ஜனவரி 31 விடியக்காலையில ராணிப்பேட்டையில அப்படி ஒரு நிலையத்தோட கசடுத் தொட்டிச் சுவர் இடிஞ்சு, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில தூங்கிக்கிட்டு இருந்த 10 தொழிலாளிங்க செத்துப்போனாங்க. பெரும்பாலும் மேற்கு வங்கத்துல இருந்து பொழைக்க வந்த பிள்ளைங்க. தண்ணியில கரைஞ்சு போறது கண்ணுக்குத் தெரியலைன்னு நாம மறந்துடுறோம். அது ஓரிடத்துல சேந்து நின்னா ஆளையே முழுங்கும். தீர்ப்பு வந்து இருபத்தெட்டு வருஷம் கழிச்சு, 2025 ஜனவரியில, பாலாற்று மாசு பத்தியும் இழப்பீடு பத்தியும் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்துச்சு.

நொய்யல் கதை வேற மாதிரி. அங்க முக்கியமான வில்லன் உப்பு. திருப்பூர்ல துணிக்குச் சாயம் ஏத்த உப்பு வேணும். அது ஆத்துல போச்சு. பாசனத்துக்குன்னு ஒரத்துப்பாளையத்துல அணை கட்டி 1992ல முடிச்சாங்க. அதுல வந்து நின்னது சாயத்தண்ணி. "தண்ணி திறந்து விடுங்க"ன்னு கேக்குறதுதான் விவசாயி வழக்கம். அங்க விவசாயிங்களே "திறக்காதீங்க"ன்னு சொல்ல வேண்டியதாச்சு. நீதிமன்றம் போனாங்க. 28,000க்கும் மேற்பட்ட விவசாயிங்களுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடுன்னு அதுக்கான ஆணையம் கணக்குப் போட்டுச்சு. வகுத்துப் பாத்தா தலைக்கு ஒம்போதாயிரம் ரூபாய்கூட வரலை. 2011 ஜனவரியில உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைங்களை மூடச் சொல்லிடுச்சு. அப்புறம் ஒரு சொட்டுகூட வெளிய விடாத முறைக்கு மாறித் திறந்தாங்க. நல்லதுதான். ஆனா அங்கயும் கலப்பு உப்பும் கசடும் மூட்டை மூட்டையா சேந்துச்சு.

சரி, இனி மருந்து. இதைத்தான் எல்லாரும் கேக்குறாங்க. "இயற்கையில வைத்தியம் இல்லையா?"

எனக்கும் யோசனை சொன்னாங்க. "பஞ்சகவ்யம் ஊத்துங்க மாமா, எல்லாம் சரியாப் போயிடும்"னு பக்கத்து வயல் மாப்பிள்ளை சொன்னார். பஞ்சகவ்யம் நானும் போடுறவன்தான். அது மண்ணுல உயிரை வளக்கும். ஆனா ஈயமும் காட்மியமும் உலோகம். அது சாணி மாதிரி மக்காது, பூச்சிமருந்து மாதிரி காலப்போக்குல உடையவும் உடையாது. குழம்புல உப்புக் கூடிப்போச்சுன்னா வெல்லம் போட்டு நாக்கை ஏமாத்தலாம், உப்பு குறையாது. இதுவும் அப்படித்தான். உலோகத்துக்கு மூணே வழிதான். வெட்டி எடுக்கணும், இல்லைன்னா செடியை விட்டு உறிஞ்ச வைக்கணும், இல்லைன்னா மண்ணுக்குள்ளேயே கட்டிப்போடணும்.

வெட்டி எடுக்க நமக்கு வசதியில்லை. எடுத்தாலும் எவன் நிலத்துல போடுறது?

உறிஞ்ச வைக்கிறதுக்குச் செடிங்க இருக்கு. நம்ம கடுகுச் செடி ஈயம், காட்மியம் எல்லாம் இழுக்கும். சூரியகாந்தியும் இழுக்கும். ஆர்சனிக்கை இழுக்குற ஒரு பெரணிச் செடியை 2001ல கண்டுபிடிச்சுச் சொன்னாங்க. கேக்க நல்லா இருக்கு. ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு, வருஷக்கணக்கா, சில இடத்துல பத்து இருபது வருஷத்துக்கு மேலயும் ஆகும். இன்னொண்ணு முக்கியம்: உறிஞ்சுன செடியை மாட்டுக்குப் போடக்கூடாது, மடக்கி உழக்கூடாது, குப்பைக்குழியில போடக்கூடாது. போட்டா சுத்திச் சுத்தி அதே இடத்துக்குத்தான் வரும். கடுகை விதைச்சு மண்ணைச் சுத்தம் பண்ணிட்டு, அந்தக் கடுகைத் தாளிக்க வித்தோம்னா அது வைத்தியமா?

கட்டிப்போடுறதுதான் நம்மளை மாதிரி ஆளுக்கு ஏத்தது. அமில மண்ணுல சுண்ணாம்பு போட்டா காட்மியமும் ஈயமும் கரையறது குறையும், செடிக்குள்ள ஏர்றதும் குறையும். நல்லா மக்கின எருவும் மரக்கரித் தூளும் உலோகத்தைப் பிடிச்சு வச்சுக்கும். குரோமியத்துல விஷம் கூடுன வகை ஒண்ணு உண்டு. கரிமம் நிறைஞ்ச மண்ணு அதை விஷம் குறைஞ்ச வகையா மாத்திடும். திருப்பூர் மாதிரி சோடியம் ஏறி இறுகிப்போன மண்ணா இருந்தா ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணியைக் கட்டி வடிய விடணும். தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கி உழலாம். அது உப்புக்கு வைத்தியம், ஈயத்துக்கு இல்லை. எந்த நோய்னு தெரியாம எந்த மருந்தும் எடுபடாது.

நான் செஞ்சது இதுதான். சுண்ணாம்பு போட்டேன். எங்க தொழுவத்து எருவை ரெண்டு வருஷம் தொடர்ந்து போட்டேன். கருவேல மரத்துக் கரித்தூளைக் கிடைச்ச வரைக்கும் கலந்தேன். வெட்டிவேர் நட்டேன். வேர் ஆழமாப் போய் மண்ணை அரிச்சுப் போகாமப் பிடிச்சுக்கும். உலோகம் பெரும்பாலும் வேரோட நிக்கும், மேல கம்மியாத்தான் ஏறும். அந்த நிலத்து மழைத்தண்ணி கிணத்துப் பக்கம் போகாம மேட்டை உசத்திக் கட்டினேன். அந்த வேரை நான் விக்கிறதில்லை. பானையில போட்டுக் குடிப்பாங்கன்னு தெரியும்.

போன வருஷம் மறுபடி மண்ணு குடுத்துப் பாத்தேன். மொத்த ஈயம் குறையலை, குறையவும் செய்யாது. செடிக்குக் கிடைக்கிற அளவு குறைஞ்சிருக்குன்னாங்க. காட்மியமும் அப்படியே. இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும். பருத்தி போட்டுப் பாக்கலாமான்னு யோசனை இருக்கு. கீரை போட மாட்டேன்.

நண்பர்களே, உங்க வீட்டுச் சாக்கடை எங்க போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமான்னு குத்திக் காட்ட இதை எழுதலை. ஆனா பெயின்ட், பழைய மருந்து, பேட்டரி, உடைஞ்ச தெர்மாமீட்டர் எல்லாம் சிங்க்குலயும் கக்கூஸ்லயும் போனா அது மறையறதில்லை. அது கசடுல உக்காந்து, ஒரு டிராக்டர்ல ஏறி, என்னை மாதிரி ஒருத்தன் வயலுக்கு வந்து, கீரைக்கட்டா உங்க வீட்டுக்கே திரும்பும். மாடித்தோட்டத்துக்கு நகரக் கம்போஸ்ட் வாங்குறீங்களா, கடைக்காரர்கிட்ட உலோகச் சோதனைச் சான்று கேளுங்க. அரசு உரக் கட்டுப்பாட்டு ஆணையிலேயே நகரக் கம்போஸ்ட்டுக்கு அளவு இருக்கு. கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராம், குரோமியம் 50, ஈயம் 100, இதுக்கு மேல போகக்கூடாது. கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. இந்தக் கணக்கு தெரிஞ்சிருந்தா நானும் அந்த டிராக்டர்காரர்கிட்ட கேட்டிருப்பேன்.

விவசாயி நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 2017ல இருந்து கண்மாய் வண்டலை இலவசமா அள்ளிக்கலாம்னு அரசு அனுமதி குடுத்துச்சு. அள்ளுங்க, அது நம்ம தாத்தா பாட்டி வழக்கம். ஆனா அந்தக் கண்மாய்க்கு ஊர்ச் சாக்கடை வருதா, செப்டிக் டேங்க் லாரி ராத்திரியில வந்து திறந்து விடுதான்னு முதல்ல பாருங்க. 2014லயே அதுக்கு அரசு வழிகாட்டு முறை இருக்கு, கண்ட இடத்துல திறந்து விடக்கூடாது. வருதுன்னா அந்த மண்ணு வேண்டாம். முதல்ல சாக்கடையை நிறுத்தச் சொல்லி மனு குடுங்க. நாங்க எங்க கண்மாய்க்குக் குடுத்திருக்கோம். ரெண்டு தடவை கிராமசபையில தீர்மானமும் போட்டாச்சு.

அந்த மனு என்ன ஆச்சுன்னு அடுத்த பதிவுல எழுதுறேன். மழை வர்ற மாதிரி இருக்கு, வைக்கோலை மூடணும்.